முறிந்த எலும்பும் அழற்சியின் தூதுப் பொருள்களும்

புனே நகருக்கு வடமேற்கே, முளா ஆற்றின் கரையில் தாபோடி என்னும் ஊர் உள்ளது. லோனாவலாவுக்குச் செல்லும் உள்ளூர் ரயில்கள் நிற்குமிடம் அது. மழைக்காலத்தில் ஒரு நாள் அந்த நிலையத்தின் படிகளில் இறங்கும் தொழிலாளி ஒருவர் கால் சறுக்கி விழுந்து, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையிலுள்ள பெரிய எலும்பை முறித்துக்கொள்கிறார் எனக் கொள்க. சிறிது நேரத்தில் அவ்விடம் வீங்குகிறது, தொட்டால் சுடுகிறது, தோல் சிவந்து பின்னர் நீலம் பாய்கிறது, வலி பொறுக்க முடிவதில்லை. சுற்றி நிற்பவர்களில் ஒருவர் எண்ணெய் தேய்த்து நீவிவிடச் சொல்கிறார். மற்றொருவர் வீக்கம் வடிவதற்கான மாத்திரை வாங்க மருந்துக் கடைக்கு ஓடுகிறார். மூன்றாமவர் துணியால் இறுகக் கட்டிவிட வேண்டும் என்கிறார். மூவரும் நல்லெண்ணம் உடையவர்களே. மூவருடைய யோசனைக்கும் அடிப்படை ஒன்றே: வீக்கமும் வெப்பமும் பகை, அவற்றை உடனே ஒழித்தாக வேண்டும் என்பது.

இக்கருத்து பாதி அளவே சரியானது. செம்மை, வீக்கம், வெப்பம், வலி ஆகிய நான்கையும் அழற்சியின் அடையாளங்கள் என்று கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமாபுரி நூலாசிரியர் செல்சஸ் குறித்துவைத்தார். அழற்சி வெறும் துன்பம் மட்டுமன்று. முறிந்த எலும்பு மீண்டும் கூடுவதற்கு உடல் பிறப்பிக்கும் முதல் ஆணையும் அதுவே என்பதைக் கடந்த முப்பது ஆண்டுகளுக்கும் மேலான ஆராய்ச்சி தெளிவாக்கியுள்ளது. ஆணை உரிய காலத்தில் பிறக்கவும் வேண்டும். உரிய காலத்தில் நிற்கவும் வேண்டும். இவ்விரண்டில் எது தவறினாலும் எலும்பு செம்மையாகக் கூடுவதில்லை.

ரத்தக்கட்டில் தொடங்கும் வேலை

எலும்பு உயிரற்ற கல் போன்றது என்னும் எண்ணம் மாணவர்களிடையே பரவலாக உண்டு. உண்மையில் அதன் உள்ளே மஜ்ஜையும், வெளியே மெல்லிய எலும்புறையும், ஊடே நுண்ணிய ரத்தக் குழாய்களும் உள்ளன. எலும்பு முறியும்போது இவையாவும் கிழிகின்றன. வடிந்த ரத்தம் முறிவின் இடைவெளியில் உறைந்து ரத்தக்கட்டாகிறது. நீலம் பாய்ந்த வீக்கம் எனக் கண்ணுக்குத் தெரிவதில் பெரும்பகுதி இதுதான்.

இந்த ரத்தக்கட்டு அகற்றப்பட வேண்டிய கழிவு என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. அவ்வெண்ணம் பொருந்தாது எனக் காட்டிய சோதனைகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. 1990 இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் சிலர், எலி ஒன்றின் முறிவிலிருந்து நான்கு நாள் வயதுடைய ரத்தக்கட்டை எடுத்துத் தசையினுள் வைத்தனர். எலும்புக்குச் சற்றும் தொடர்பில்லாத அவ்விடத்தில் புதிய எலும்பு தோன்றியது. 1993 இல் நார்வே நாட்டில், எலிகளின் முறிவிலிருந்து ரத்தக்கட்டை நீக்கிவிட்டுப் பார்த்தனர். அவ்வெலும்புகள் கூடியபின் வலுக் குறைந்திருந்தன. எலும்பை உண்டாக்கும் ஆற்றல் அந்தக் கருஞ்சிவப்புக் கட்டியிலேயே அடங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது? தாபோடித் தொழிலாளியின் காலுக்குள் முதல் நாளில் நிகழ்வதைப் பின்தொடர்ந்தால் விடை கிடைக்கும். சிதைந்த திசுக்களிலிருந்து வெளிப்படும் பொருள்கள் ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களை ஈர்க்கின்றன. முதலில் நுண் விழுங்கணுக்களும், அவற்றின் பின்னே பெருவிழுங்கணுக்களும் வந்து சேர்கின்றன. இவை இறந்த அணுக்களையும் சிதறல்களையும் விழுங்கித் துப்புரவு செய்கின்றன. இதனோடு, இவை மிகச் சிறிய அளவில் சில புரதங்களைச் சுரக்கின்றன. ஓர் அணு மற்றோர் அணுவுக்கு அனுப்பும் கடிதங்கள் போன்றவை இவை. விஞ்ஞானிகள் இவற்றைச் சைட்டோகைன்கள் என்பர். எலும்பு முறிவில் முதலிடம் பெறுபவை மூன்று: இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6, டி.என்.எஃப்.-ஆல்ஃபா. மூன்றாவதன் முழுப்பெயர் ‘கட்டியை அழிக்கும் காரணி’ என்று பொருள்படும். 1975 இல் அதற்குப் பெயரிட்டவர்கள் புற்றுக் கட்டிகளை ஆராய்ந்துகொண்டிருந்தனர்; எலும்பை அவர்கள் நினைத்தே பார்த்திருக்கமாட்டார்கள். பெயர் பழைய வேலையைக் குறிக்க, பொருள் வேறு வேலை செய்வது உயிரியலில் புதிதன்று. ஆசிரியர்கள் பெயரைக் கண்டு மயங்க வேண்டாம்.

இத்தூதுப் பொருள்கள் முதல் 24 மணி நேரத்தில் உச்சத்தை அடைந்து, சில நாட்களில் தணிந்துவிடுகின்றன. அதற்குள் அவை மூன்று காரியங்களைச் செய்து முடிக்கின்றன. மேலும் வெள்ளை அணுக்களை வரவழைக்கின்றன. புதிய ரத்தக் குழாய்கள் முளைப்பதற்கு வழி செய்கின்றன. எலும்புறையிலும் மஜ்ஜையிலும் உறங்கிக் கிடக்கும் மூல உயிரணுக்களை எழுப்பி முறிவிடத்திற்கு அழைக்கின்றன. இம்மூன்றாவது காரியமே தலையாயது. வந்து சேரும் மூல உயிரணுக்கள்தாம் பின்னர் குருத்தெலும்பாகவும் எலும்பாகவும் மாறுகின்றன. அவை எலும்பாக மாறும்படி தூண்டும் புரதங்களும் உண்டு. சுண்ணச் சத்து நீக்கிய எலும்பைப் பிராணிகளின் தசையில் வைத்தால் அங்கே புது எலும்பு உண்டாவதை 1965 இல் அமெரிக்க அறுவை மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட் வெளியிட்டார். அப்புரதங்களைப் பற்றிய ஆராய்ச்சி அங்கிருந்து வளர்ந்தது.

இரண்டாம் வருகை

இரண்டு மூன்று வாரங்களில், முறிந்த முனைகளைச் சுற்றி மெத்தென்ற ஒரு திரள் உருவாகிறது. மருத்துவர் இதனைக் காலஸ் என்பர். முறிவிடத்தின் நடுவில் ரத்த ஓட்டமும் பிராணவாயுவும் குறைவு. எலும்பை ஆக்கும் அணுக்களுக்கு அச்சூழல் ஒவ்வாது. குருத்தெலும்பு அணுக்களோ அதில் வாழவல்லவை. ஆகவே முதலில் குருத்தெலும்பால் ஒரு தற்காலிகப் பாலம் அமைகிறது. பின்னர் அது படிப்படியாகக் கரைக்கப்பட்டு, அதனிடத்தில் சுண்ணச் சத்துள்ள எலும்பு அமைகிறது. கட்டடம் கட்டுவோர் சாரம் கட்டி, வேலை முடிந்ததும் அதனைப் பிரித்துவிடுவதற்கு இது நிகர்.

சாரத்தைப் பிரிக்கும் நேரத்தில் டி.என்.எஃப். மீண்டும் வருகிறது. பாஸ்டன் பல்கலைக்கழகத்தார் 2001 இல் எலிகளில் அளந்தபோது, முதல் நாளில் உயர்ந்து தணிந்த இப்பொருள் மூன்றாம், நான்காம் வாரங்களில் இரண்டாம் முறை எழுவதைக் கண்டனர். அதன் வேலை என்ன என்பதை அறிய, டி.என்.எஃப். கொண்டுவரும் செய்தியை ஏற்கும் உறுப்புகள் இல்லாதவாறு மரபணு மாற்றிய எலிகளை 2003 இல் சோதித்தனர். அவற்றிலும் குருத்தெலும்புப் பாலம் உண்டாயிற்று. ஆனால் உரிய காலத்தில் கரையவில்லை. சாரம் பிரிக்கப்படாமையால் எலும்பு வந்து அமைவதும் தாமதித்தது.

மனிதரின் கணக்கு எலியின் கணக்கன்று. எலிக்கு ஒரு மாதத்தில் முடியும் வேலை, வயதுவந்த மனிதரின் கீழ்க்கால் எலும்பில் முடிய மூன்று நான்கு மாதங்களும், சிலரிடம் அதற்கு மேலும் ஆகும். அதன் பின்னரும், தேவைக்கு மேல் தடித்த பகுதியைக் கரைத்துப் பழைய வடிவத்திற்குக் கொண்டுவரும் வேலை ஆண்டுக்கணக்கில் நடைபெறுகிறது. வளரும் பிள்ளைகளிடம் இது வியக்கத்தக்க அளவில் நிகழ்வதால், சற்று வளைந்து கூடிய எலும்பும் பலமுறை தானே நிமிர்ந்துவிடுகிறது.

வலி மருந்து பற்றிய வினா

மருந்துக் கடைக்கு ஓடியவரின் மாத்திரை இங்கே ஆராய்ச்சிக்கு வருகிறது. ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் வலியையும் வீக்கத்தையும் எவ்வாறு தணிக்கின்றன என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. 1971 இல் ஆங்கில விஞ்ஞானி ஜான் வேன் விடை கண்டார். அதற்காக அவருக்கு 1982 இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. உடலில் புரோஸ்டகிளாண்டின் என்னும் பொருள்கள் உண்டாவதை இம்மருந்துகள் தடுக்கின்றன என்பதே அவ்விடை. புரோஸ்டகிளாண்டின்களும் அழற்சியின் தூதுப் பொருள்களே. காயம்பட்ட இடத்தில் அவற்றை உண்டாக்கும் நொதியைக் காக்ஸ்-2 என்பர்.

காக்ஸ்-2 இல்லாமற் போனால் எலும்பு என்னாகும்? 2002 இல் அமெரிக்காவில் இரு குழுவினர் தனித்தனியே இதனைச் சோதித்தனர். காக்ஸ்-2 மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளில் முறிவு கூடுவது வெகுவாகத் தாமதித்தது. இந்நொதியைத் தடுக்கும் மருந்து கொடுக்கப்பட்ட எலிகள் பலவற்றின் எலும்புகள் கூடவே இல்லை. இச்செய்தி எலும்பு மருத்துவர்களிடையே பெருங் கவலையை எழுப்பியது.

ஆயினும் இங்கே நிதானம் தேவை. 2007 இல் வெளியான மற்றொரு எலி ஆராய்ச்சி, மருந்தைக் குறுகிய காலம் கொடுத்து நிறுத்திவிட்டால் அதன் தீய விளைவு பெரும்பாலும் நீங்கிவிடுகிறது எனக் காட்டிற்று. மனிதரிடம் கிடைத்த சான்றுகள் ஒருமுகமாக இல்லை. எலும்பு கூடாதவருக்கு வலி நீடிக்கும். வலி நீடிப்பவர் மாத்திரையும் மிகுதியாக விழுங்குவார். ஆகையால் மாத்திரையால் எலும்பு கூடவில்லையா, எலும்பு கூடாததால் மாத்திரை மிகுந்ததா என்று பிரித்தறிவது எளிதன்று. எனினும் 2003 இல் வெளியான ஓர் ஆராய்ச்சி உற்றுநோக்கத் தக்கது. இடுப்புக்குழி முறிவுக்கு அறுவை செய்யப்பட்டவர்களுக்குச் சுற்றியுள்ள தசைகளில் வேண்டாத எலும்பு வளரும் ஆபத்து உண்டு. அதனைத் தடுக்க இண்டோமெதசின் என்னும் மருந்து கொடுப்பது வழக்கம். அவர்களுள் கை, கால் எலும்புகளும் முறிந்திருந்தவர்களைத் தனியே கணக்கிட்டபோது, மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 26 பேருக்கும், பெறாதவர்களில் நூற்றுக்கு 7 பேருக்கும் எலும்பு கூடவில்லை. வேண்டாத இடத்தில் எலும்பைத் தடுத்த மருந்து, வேண்டிய இடத்திலும் தடுத்திருக்கிறது.

களப் பணியாளர் இதிலிருந்து கொள்ளவேண்டியது யாது? முறிவுற்றவர் வலியைப் பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டும் என்பதன்று. வலியைத் தணிப்பது மருத்துவரின் கடமை. சில நாட்களுக்கு அளவோடு கொடுக்கப்படும் மருந்தைக் கண்டு அஞ்சி நிறுத்தவும் வேண்டியதில்லை. ஆனால் வாரக்கணக்கில், சீட்டில்லாமல், கடையில் வாங்கிக் கலந்து விழுங்கும் பழக்கத்தைத் தடுத்தல் வேண்டும். சில இடங்களில் பெயரிடாத பொட்டலங்களில் ஸ்டீராய்டு மாத்திரையும் சேர்த்துத் தரப்படுகிறது. ஸ்டீராய்டு அழற்சியின் தூதுப் பொருள்கள் பலவற்றை ஒருசேர அடக்குவதோடு, நாளடைவில் எலும்பையே நலிவிக்கக்கூடியது. ‘என்ன மாத்திரை, எத்தனை நாளாக?’ என்னும் ஒரு கேள்வியைக் களப் பணியாளர் கேட்டுக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் அனுப்பினால், அதுவே பெரிய உதவி.

தணியாத அழற்சி

ஆணை பிறவாமையால் வரும் கேடு மேலே கூறப்பட்டது. ஆணை நில்லாமையால் வரும் கேடு நீரிழிவு உடையவர்களிடம் காணப்படுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நடத்திய கணக்கெடுப்பின் முடிவு 2023 இல் வெளியாயிற்று. இந்நாட்டில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கு மேற்பட்டவர் என்பது அதன் மதிப்பீடு. ஆகையால் இது அரிய நோயாளிகளைப் பற்றிய பேச்சன்று.

நீரிழிவுள்ள சுண்டெலிகளின் முறிவிடத்தில் டி.என்.எஃப். மிகுதியாக உண்டாகி நீடிக்கிறது. விளைவாக, எலும்பு வந்து சேருமுன்பே குருத்தெலும்புப் பாலம் கரைந்துவிடுகிறது. கற்சுவர் எழும்புமுன் சாரத்தைப் பிரித்த கட்டடம் போல் ஆகிவிடுகிறது அந்த எலும்பு. 2009 இல் வெளியான சோதனை ஒன்றில், அத்தகைய சுண்டெலிகளுக்கு டி.என்.எஃப். தடுப்பு மருந்து கொடுக்கப்பட்டது. குருத்தெலும்பின் இழப்பு குறைந்தது. நலமுள்ள எலியில் டி.என்.எஃப். வேலை செய்யாதபடி செய்தபோது தாமதம் நேர்ந்தது. நோயுற்றதில் அதனையே அடக்கியபோது நன்மை விளைந்தது. பொருள் ஒன்றே, காலமும் அளவுமே வேறு. தாபோடித் தொழிலாளிக்கு நீரிழிவு உண்டா, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா என்று முதல் நாளிலேயே அறிந்துகொள்வது மாவுக்கட்டுப் போடுவதைப் போன்றே முக்கியமாவதற்குக் காரணம் இதுதான். அவர் புகைபிடிப்பவராயின் அதனை நிறுத்தும்படி வற்புறுத்தவேண்டும். புகையிலையும் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துகிறது.

பிரண்டையும் பழைய கட்டும்

தாபோடிக்கு மருந்துச் செடிகளோடு பழைய உறவு உண்டு. 1828 முதல் 1865 வரை பம்பாய் அரசாங்கத்தின் தாவரத் தோட்டம் அவ்வூரில் இருந்தது. 1838 இல் அதன் பொறுப்பை ஏற்ற அலெக்ஸாண்டர் கிப்சன் தொழிலால் அறுவை மருத்துவர். மருந்துச் செடிகளை அங்கே பயிராக்கி அரசாங்க மருத்துவத் துறைக்கு அளித்தார். எலும்பு முறிவுக்கு மூலிகை என்றால் இந்நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது பிரண்டை. தமிழ்நாட்டில் துவையலாக உண்ணப்படும் இக்கொடியை இந்தி மொழியில் ‘ஹட்ஜோட்’ என்பர். எலும்பைக் கூட்டுவது என்பது பொருள். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கே. என். உடுப்பாவும் ஜி. சி. பிரசாதும் 1960-களில் இதனை முறையாகச் சோதித்தனர். கதிரியக்கமுள்ள கால்சியம்-45 ஐப் பயன்படுத்தி, முறிவிடத்தில் சுண்ணச் சத்து சேரும் வேகத்தை அளந்தனர்; எலும்பு எவ்வளவு பளுவைத் தாங்கும் என்றும் பார்த்தனர். பிரண்டை பெற்ற பிராணிகளில் எலும்பு விரைந்து கூடுவதாக அவர்கள் 1964 இல் எழுதினர். நாட்டு வழக்கு ஒன்றை இகழாமலும் அப்படியே நம்பிவிடாமலும் அளவுகோலை எடுத்துச் சென்ற அந்த முறை பாராட்டத்தக்கது. ஆனால் பிராணிச் சோதனை மனிதருக்கு முடிவான சான்றாகாது. பிரண்டைத் துவையல் உண்பதை யாரும் தடுக்க வேண்டியதில்லை; அதனை நம்பி மாவுக்கட்டைக் கைவிடுவதைத்தான் தடுக்க வேண்டும்.

நீவுதல் பற்றி இவ்வளவு தயக்கம் தேவையில்லை. புதிய முறிவை நீவுவது தவறு. ரத்தக்கட்டு குலைகிறது, முனைகள் நகர்கின்றன, அருகிலுள்ள தசை நசுங்கி அங்கேயும் அழற்சி மூள்கிறது. முழங்கை முறிந்த பிள்ளைகளுக்கு எண்ணெயிட்டு நீவியதன் பயனாகத் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து, கை மடங்காமற் போவதை எலும்பு மருத்துவர்கள் நன்கு அறிவர். தூதுப் பொருள்கள் தவறான முகவரிக்குச் சென்றதன் விளைவு அது.

இறுகக் கட்டுவது அதனினும் கொடியது. வீக்கம் முதல் இரண்டு நாட்களில் பெருகும். கட்டு விரிந்துகொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறி, தசைகளுக்குச் செல்லும் ரத்தம் தடைப்படுகிறது. சுமார் 6 மணி நேரத்தில் தசை மீட்க முடியாதபடி கெடத் தொடங்கிவிடும். விரல்கள் சுருங்கி நகம்போல் வளைந்துவிடும் இந்நிலையை 1881 இல் ஜெர்மன் அறுவை மருத்துவர் வோல்க்மன் விவரித்தார். ஆயினும் எச்சரிக்கை அவருக்கு மிகவும் முற்பட்டது. கட்டுத் தளர்ந்தால் எலும்பு நிலைபெறாது, இறுகினால் வீக்கமும் வலியும் சீழும் உண்டாகும் என்று சுசுருத சம்ஹிதை கூறுகிறது. குளிர்காலத்தில் ஏழு நாளுக்கொருமுறையும், நடுத்தரமான பருவத்தில் ஐந்து நாளுக்கொருமுறையும், வெயிற்காலத்தில் மூன்று நாளுக்கொருமுறையும் கட்டை அவிழ்த்துக் கட்டவேண்டும் என்றும் அந்நூல் விதிக்கிறது. வெப்பம் மிகுந்தால் வீக்கம் மிகும் என்பதை அதன் ஆசிரியர்கள் கண்டிருக்க வேண்டும். ஆந்திர எல்லையிலுள்ள புத்தூரின் பெயரால் வழங்கும் கட்டுக்கும் மூங்கில் தப்பையே ஆதாரம்; சம்ஹிதை கூறும் தப்பைகளிலும் மூங்கில் உண்டு.

ஆகவே தாபோடியின் ரயில் நிலையப் படியிலோ, பள்ளி விளையாட்டு மைதானத்திலோ செய்யவேண்டியது சிறிதே. முறிந்த உறுப்பை அசைக்காமல், மேலும் கீழும் உள்ள மூட்டுகள் அசையாதபடி தப்பையோ தடித்த அட்டையோ வைத்துத் தளர்வாகக் கட்டுக. விரல் நுனிகளை மூடாமல் விடுக. ஆஸ்பத்திரிக்குச் செல்லும் வழியிலும், மாவுக்கட்டுப் போட்ட பிறகு இரண்டு நாட்கள் வரையிலும், அவ்விரல்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவை வெளிறினாலோ, மரத்துப் போனாலோ, விரலை மெல்ல நீட்டும்போது பொறுக்க முடியாத வலி எடுத்தாலோ, இரவாயினும் மருத்துவரிடம் திரும்பவும் கொண்டுசெல்லுதல் வேண்டும். காலை வரை காத்திருத்தல் கூடாது.

வகுப்பில் காட்டுவதற்கு ஒரு சோதனை

கோழிக் கால் எலும்பு இரண்டு எடுத்துச் சதையை நீக்கிக் கழுவுக. ஒன்றைக் காடியில் மூழ்கவைத்து, இரண்டு நாளுக்கொருமுறை காடியை மாற்றி, ஒரு வாரம் வைத்திருக்க. காடியிலுள்ள அமிலம் சுண்ணச் சத்தைக் கரைத்துவிடுவதால் எலும்பு ரப்பர் போல் வளையும். இரண்டாவதை ஆசிரியர் தாமே கரி அடுப்பில் நன்றாகச் சுட்டு ஆறவிடுக. புரதம் எரிந்துபோவதால் அது வடிவம் மாறாமல் இருந்தும், விரலால் அழுத்தினால் பொடியாகும். முதலில் மெத்தென்ற திரள், பின்னர் அதில் சேரும் சுண்ணச் சத்து என்னும் வரிசையை விளக்க இவ்விரண்டும் போதும். கசாப்புக் கடைக்காரரிடம் சொல்லிவைத்தால், என்றோ முறிந்து தானே கூடிய ஆட்டெலும்பு ஒன்று எப்போதாவது கிடைக்கும்; நடுவில் முண்டு போலத் தடித்திருப்பதைக் கொண்டு அதனை அடையாளங் காணலாம். அதனை நீளவாக்கில் அறுத்து, மஜ்ஜைக் குழி முழுவதும் திறந்திருக்கிறதா, முண்டின் உள்ளே இன்னும் அடைபட்டிருக்கிறதா என்று நோக்கும்படி செய்தால், அம்முறிவு பழையதா அண்மையதா என்பதை மாணவர்களே கூறிவிடுவர்.